மூன்றாவது இடத்தில் போடச் சொன்னேன்

கம்பிக் கதவுக்கு வெளியே லோஷினி நின்றுகொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை. இரண்டு மாடி கீழே இருக்கும் அவள் வீட்டிலிருந்து அப்படியே படியேறி ஓடி வந்திருந்தாள். கையில் போன்.

மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். எனக்கு அன்று விடுமுறை. சமையலறையில் என் மனைவி சுமதி நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு அந்தக் கதவுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

"அங்கிள், யூனிவர்சிட்டி ரிசல்ட் வந்துருச்சு. இடம் கிடைச்சிருச்சு."

"நான்தான் சொன்னேன்ல," என்று சாவியைத் தேடினேன். "மூணாவதா போட்டதுதானே?"

அவள் போனைக் கம்பிகளுக்கு நடுவில் நீட்டினாள். மேலே மலாயில் 'தஹ்னியா' என்று வாழ்த்து. அதற்குக் கீழே சிவில் இன்ஜினியரிங். அதற்கும் கீழே கடல் தாண்டி சபாவில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர்.

அது அவளுடைய விண்ணப்பத்தில் முதல் தேர்வு. அவள் ஆசைப்பட்டது அல்ல. அதை முதலில் போடச் சொன்னவன் நான்.

சாவி கைக்குக் கிடைத்துவிட்டது. ஆனாலும் பூட்டைத் திறக்காமல் நின்றேன். அவளும் திறக்கச் சொல்லவில்லை. உள்ளேயிருந்து சுமதி, "யாருங்க அது, லோஷினியா? பசியாறிட்டாளான்னு கேளுங்க," என்றாள்.

இன்ஜினியர் அண்ணே

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். மெஷின் நின்றால் கூப்பிடுவார்கள். ஓடவைத்துவிட்டு வருவேன். முப்பது வருஷத்துக்குக் கிட்ட இதே வேலைதான்.

ஆனால் ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியில் யாரைக் கேட்டாலும் நான் இன்ஜினியர். தொழிற்சாலைச் சட்டையும் கழுத்தில் தொங்கும் அட்டையும் செய்த வேலை அது. யாரோ ஒருவர் ஒருநாள் லிஃப்டில் என்னை 'இன்ஜினியர் அண்ணே' என்றார். நான் ஏழாவது மாடி. இறங்குவதற்குள் திருத்திவிடத் தாராளமாக நேரம் இருந்தது. திருத்தவில்லை. நல்லாத்தான் இருந்தது.

அந்தப் பெயரோடு ஒரு வேலையும் சேர்ந்து வந்தது. வருஷா வருஷம் தேர்வு முடிவு வந்ததும் பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம், எதை முதலில் போடுவது, எதைக் கடைசியில் போடுவது. கையில் ஒரு சீப்பு வாழைப்பழமோ ஒரு பொட்டலம் முறுக்கோ இருக்கும். சுமதி தேத்தண்ணி கலக்குவாள். நான் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவேன்.

எந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலையும் மிதிக்காதவன் நான். ஆனால் எல்லாப் பல்கலைக்கழகங்களைப் பற்றியும் பேசுவேன். நன்றாகவே பேசுவேன்.

லோஷினியின் அம்மா பத்மா அக்கா. கணவர் காலமான பிறகு ஜெலுத்தோங் பாசாரில் பூக்கடை வைத்து மகளை வளர்த்தவர். பிறகு சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் சென்டரில் படுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். லோஷினிதான் அம்மாவை மோட்டாரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போவாள்.

ஆறாம் படிவப் பாடங்களில் பாதியை அவள் அந்த சென்டரின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் படித்தாள். படிக்காத நேரத்தில் மெஷினைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பம்பு எப்படிச் சுற்றுகிறது, குழாயில் காற்றுக் குமிழ் வந்தால் அதற்கு எப்படித் தெரிகிறது, ஏன் அலறுகிறது என்று பழுது பார்க்க வருகிறவரைப் பிடித்துக் கேட்பாள். எனக்கும் மெஷின்தான் தொழில் என்பதால் என்னிடமும் வந்து கேட்பாள். பல கேள்விகளுக்கு எனக்குப் பதில் தெரியாது.

மின்னணுப் பொறியியல் படிக்க வேண்டும், இந்த மாதிரி மெஷின் செய்கிற இடத்தில் வேலை பார்க்க வேண்டும். அவளுடைய ஆசை அவ்வளவுதான். அதுவும் எங்கள் தீவை அக்கரையோடு இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம், வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் வளாகத்தில். ஏனென்றால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேறு ஆள் இல்லை.

தூக்கிப் போட்டாலும் பரவாயில்லாதது

விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய அவர்கள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை வரப்போகிற புழுக்கம். காற்றாடி சுழன்றது, காற்று வரவில்லை. லோஷினி கடன் வாங்கிய மடிக்கணினியை மேசையில் வைத்துத் திறந்தாள். பத்மா அக்கா ஊசி போட்டுப் போட்டுத் தடித்துப்போன இடது கையை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்தார்.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பத்தில் விருப்பப் பாடங்களை வரிசையாகப் போட வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று. லோஷினி ஒன்றாவது இடத்தில் மின்னணுப் பொறியியலைப் போட்டுவைத்திருந்தாள்.

"இதை எடு," என்றேன்.

"ஏன் அங்கிள்? டீச்சர் பிடிச்சதை முதல்ல போடச் சொன்னாங்க."

"டீச்சர் அப்படித்தாம்மா சொல்வாங்க. அவங்களுக்கு என்னா தெரியும்? நம்ம ஆளுங்களுக்கு முதல் சாய்ஸை என்னைக்காவது கொடுத்திருக்காங்களா? பார்த்த உடனே முதல்ல இருக்கிறதைத் தூக்கிப் போட்டுருவாங்க. ரெண்டாவதும் டவுட்டுதான். மூணாவதுக்கு வரும்போதுதான் சரி, பாவம், இதையாவது கொடுப்போம்னு கொடுப்பாங்க. அதனால நீ நிஜமா ஆசைப்படுறதை மூணாவதுல போடு. முதல்ல, தூக்கிப் போட்டாலும் பரவாயில்லாத ஒண்ணை வை."

இது நான் கண்டுபிடித்த தத்துவம் என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் சாப்பாட்டுக் கடையிலும் கோயில் மண்டபத்திலும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கேட்ட இடம் கிடைக்காது என்று இப்படிப் பலர் பேசிக் கேட்டிருக்கிறேன். ஆனால் இன்ஜினியர் வாயிலிருந்து வரும்போது அதற்கு ஒரு எடை வந்துவிடுகிறது.

அந்தத் 'தூக்கிப் போட்டாலும் பரவாயில்லாத ஒண்ணை' நானே தேர்ந்தெடுத்தேன். பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போய், கண்ணுக்குப் பட்ட இடத்தில் விரலை வைத்தேன். சபா, சிவில் இன்ஜினியரிங். "இது இருக்கட்டும். எப்படியும் வராது."

லோஷினியின் விரல் கணினியின் மேல் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"அங்கிள் சொல்றாருல்ல. அவரு பட்டவரு. அவருக்குத் தெரியாததா," என்றார் பத்மா அக்கா.

லோஷினி அழுத்தினாள். நான் இன்னொரு முறுக்கை எடுத்துக் கடித்தேன்.

சைக்கிள் சீட்டுக்கு அடியில்

'அவரு பட்டவரு.' இந்த வார்த்தைக்காகத்தான் இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன். நாலு வாரமாகத் தள்ளிப் போட்டு, வேறு எதையெதையோ எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். இனிமேல் தள்ள முடியாது.

இந்தத் தொடரின் தொடக்க வாரங்களில் ஒன்றில், நான் எஸ்.டி.பி.எம். என்ற ஆறாம் படிவத் தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றும் எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல் போனதை எழுதியிருந்தேன். படித்துவிட்டு நிறையப் பேர் கடிதம் போட்டார்கள். ஒரு பெரியவர் கண்கலங்கியதாக எழுதியிருந்தார்.

அது பொய்.

நான் நல்ல தேர்ச்சி பெறவில்லை. கணிதத்தில் தோற்றேன். இயற்பியலில் ஒப்புக்குத் தேறினேன். மற்றதெல்லாம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. யாரும் என்னிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. படிக்க வேண்டிய இரண்டு வருஷத்தில் கேரம் ஆடினேன், எஸ்பிளனேடில் உட்கார்ந்து கடலைப் பார்த்தேன்.

முடிவுச் சீட்டைப் பள்ளிக்கூடத்தில் வாங்கியதும் கேண்டீனுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் நின்று படித்தேன். கால்விரலில் தண்ணீர் தெறித்துக்கொண்டிருந்தது. சீட்டை எட்டாக மடித்து, சைக்கிள் சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பிச் சுருளுக்குள் செருகிவிட்டு வீட்டுக்கு மிதித்தேன்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். "என்னாடா வந்துச்சு?" என்றார்.

"நல்லாத்தான்பா வந்திருக்கு."

சீட்டைக் காட்டச் சொல்லி அவர் கேட்கவில்லை. காட்டியிருந்தாலும் மலாய் எழுத்து அவருக்கு அவ்வளவாக ஓடாது. நான் சொன்னால் போதும் அவருக்கு.

சில மாதம் கழித்து எங்கள் தெருவில் ஒன்றிரண்டு வீடுகளுக்குப் பல்கலைக்கழகக் கடிதம் வந்தது. எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. ஒரு வாரம் வேலைக்குப் போகும் முன் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டே போனார். பிறகு ஒருநாள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நம்ம பிள்ளைன்னா கொடுக்க மாட்டானுங்க. விடுடா."

முதல் பொய்யை நான்தான் சொன்னேன். ஆனால் இந்தப் பெரிய பொய்யை அப்பாதான் எனக்கு எடுத்துக் கொடுத்தார், என்மேல் வைத்த நம்பிக்கையில். இல்லைப்பா, நான் ஃபெயில் என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட வேண்டாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

பொன்னாடை

அப்பா துறைமுகத்தில் சொன்னார். துறைமுகத்தில் கேட்டவர்கள் தேத்தண்ணிக் கடையில் சொன்னார்கள். ஒரே மாதத்தில் டத்தோ கிராமாட் பக்கம்கூட என் கதை போய்விட்டது. நல்லாப் படிச்ச பையன், இடம் கொடுக்கல.

அந்தத் தீபாவளிக்கு ஒரு சங்கத்தார் கோயில் மண்டபத்தில் விருந்து வைத்தார்கள். என்னை மேடைக்குக் கூப்பிட்டு, வாய்ப்பு மறுக்கப்பட்ட மாணவன் என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தச் சரிகை கழுத்தில் உரசியது. அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்.

கடைசி வரிசையில் கதிர் உட்கார்ந்திருந்தான். என் வகுப்புத் தோழன். அவன் உண்மையிலேயே நன்றாகத் தேறியவன். அவனுக்கு உண்மையிலேயே இடம் கிடைக்கவில்லை. ஏனென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் அதை யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியவில்லை. இடம் இல்லை என்று தெரிந்த வாரமே ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். என் முடிவுச் சீட்டில் என்ன இருந்தது என்று அறிந்த ஒரே ஆள் அவன்தான். கேண்டீனுக்குப் பின்னால் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தவன்.

விருந்து முடிந்து வெளியே வரும்போது, "துணி நல்லா இருக்குடா," என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசியதில்லை.

நம்மில் நிஜமாகவே வலிபட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குரிய நாற்காலியில் முப்பது வருஷம் நான் உட்கார்ந்திருந்தேன். அதுகூடப் போகட்டும். அங்கே உட்கார்ந்துகொண்டு அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வழி வேறு சொன்னேன். எனக்கு ஒருபோதும் நடக்காத ஒன்றை வைத்து அவர்களைப் பயமுறுத்தினேன்.

மறுபடி அந்தக் கதவு

பூட்டைத் திறந்து லோஷினியோடு கீழே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பத்மா அக்கா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா தம்பி, உங்களுக்குச் செஞ்ச மாதிரியே என் பிள்ளைக்கும் செஞ்சிட்டாங்க. பக்கத்துல கொடுக்காம சபாவுக்குத் தள்ளிட்டாங்க."

"நம்மன்னா அப்படித்தான் லா," என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

வாசகர்களே, அந்த நொடியில் எனக்கு நிம்மதியாக இருந்தது. எதையும் மறைக்காமல் எழுதுகிறேன் என்று முடிவு செய்த பிறகு இதையும் எழுதத்தான் வேண்டும். பழி வேறு பக்கம் போகிறது. நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்ன அந்த நாளைப் போலவே, தலையைக் குனிந்துகொண்டால் போதும். குனிந்துகொண்டேன்.

"இல்லம்மா," என்றாள் லோஷினி. "நான் முதல்ல போட்டதைத்தான் கொடுத்திருக்காங்க. கேட்டதைக் கொடுத்துட்டாங்க."

லோஷினி என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. ஒரு கணக்கில் விடுபட்ட எண்ணைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"அங்கிள், உங்களுக்கு எஸ்.டி.பி.எம்.ல மேத்ஸ் என்னா வந்துச்சு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா," என்றேன்.

அவள் இரண்டு விநாடி என்னைப் பார்த்தாள். பிறகு சரி என்று தலையை ஆட்டிவிட்டு அம்மாவுக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். அவளுக்கு விடை கிடைத்துவிட்டது.

என் தப்பு, புவான்

மேல்முறையீடு செய்து பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். ஏதாவது செய்தாக வேண்டும். விளக்கம் கேட்க ஒரு அலுவலகத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். முகப்பில் ஒரு மலாய் அம்மா இருந்தார். எல்லாரும் அவரை 'புவான்', அதாவது மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். என் வயதுதான் இருக்கும். நீலத் தலைத்துணி, மேசையில் ஒரு சின்னத் தொட்டிச் செடி. நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கணினியில் லோஷினியின் விண்ணப்பத்தைப் பார்த்தார்.

கிடைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் மேல்முறையீட்டுக்குப் போக முடியும், அப்படிப் போனால் ஆசைப்பட்டது கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, எதுவுமே இல்லாமலும் போகலாம் என்றார். தனியார் கல்லூரி என்ற பேச்சுக்கே அந்த வீட்டில் வழியில்லை. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மலாயில் கேட்டார். "இவ்வளவு நல்ல மார்க் வாங்கியிருக்கியே மகளே. மூணாவதா போட்டதை முதல்ல போட்டிருந்தா உனக்கு அது கிடைச்சிருக்கும்னுதான் எனக்குத் தோணுது. வேண்டாததை எதுக்காக முதல்ல போட்டே?"

அவர் கேட்டதில் ஒரு குத்தலும் இல்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்ன சொல்ல முடியும்? நீங்கள் எங்களுக்குக் கொடுக்க மாட்டீர்கள் என்று நினைத்தோம் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்வதா? இவர்தான் சொன்னார் என்று லோஷினி என்னைக் கைகாட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். காட்டியிருந்தால் எனக்கு அது நல்லதாகக்கூட இருந்திருக்கும்.

"என் தப்பு, புவான்," என்றாள் லோஷினி மலாயில். "சரியாப் படிக்காம அவசரத்துல போட்டுட்டேன்."

பத்தொன்பது வயதுப் பெண். என்னைவிட முப்பது வயது சின்னவள். என் பொய்யைத் தன் தப்பென்று சொல்லி வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் இன்ஜினியர் சட்டையோடு நின்றேன்.

வெளியே வந்து மோட்டாரில் ஏறும்போது, "ஏம்மா அப்படிச் சொன்னே?" என்றேன்.

"வேற என்னா சொல்றது அங்கிள்?" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

சபாவுக்குப் போன நாள்

பாயான் லெப்பாஸ் விமான நிலையம் என் தொழிற்சாலைக்குப் பக்கம்தான். தினமும் தலைக்கு மேல் விமானம் போகும், நிமிர்ந்து பார்க்க மாட்டேன். அன்றைக்கு உள்ளே நின்றேன். பத்மா அக்காவுக்கு டயாலிசிஸ் நாள், வர முடியவில்லை. காலையில் சென்டரில் விட்டுவிட்டு, அங்கேயே அம்மாவும் மகளும் விடைபெற்றுக்கொண்டார்கள். அக்கா அழவில்லை. ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது என்பதால் மறு கையால் மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. லோஷினி அதை ஒரு தடவை பார்த்தாள்.

அம்மாவை இனிமேல் நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருந்தேன். தொழிற்சாலையில் கேட்டு மாலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன்.

உள்ளே போகும் முன் லோஷினி பையைக் கீழே வைத்தாள்.

"அங்கிள், ஒண்ணு கேக்கவா?"

"கேளும்மா."

"அடுத்த வருஷம் யாராச்சும் ஃபார்ம் எடுத்துட்டு வந்தா, அவங்க ஆசைப்படுறதை முதல்ல போடச் சொல்லுங்க. அது போதும்."

தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வரிசை நகர்ந்துவிட்டது, போய்விட்டாள். வரிசை நகர்ந்ததால்தான் கேட்கவில்லை என்று ரொம்ப நாள் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷமும் பெற்றோர்கள் வந்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது, பள்ளிக்கூட டீச்சரைக் கேளுங்கள், பிள்ளை ஆசைப்படுவதை முதலில் போடுங்கள் என்றேன். "இன்ஜினியருக்குத் தலைக்கனம் வந்துருச்சு," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாழைப்பழ வரத்து நின்றது.

நாலு மணி நேரம்

லோஷினி இப்போது கடைசி வருஷம். நன்றாகத்தான் படிக்கிறாள். போனில் மண்ணைப் பற்றிப் பேசுகிறாள், பாலத்துக்குக் கால் நிறுத்துவதைப் பற்றிப் பேசுகிறாள். வேலை கிடைக்கும், கெட்டுப்போய்விடவில்லை என்று சுமதி எனக்கு ஆறுதல் சொல்வாள். நானும் சில நாள் அப்படியே நினைத்துக்கொள்வேன்.

போன விடுமுறைக்கு வந்தவள் அம்மாவோடு சென்டருக்கு வந்தாள். பக்கத்துப் படுக்கையின் மெஷின் திடீரென்று அலறியது. லோஷினி சட்டென்று எழுந்து இரண்டு அடி அதை நோக்கிப் போனாள். பிறகு நின்றாள். தாதி வந்து பொத்தானை அழுத்தினாள். லோஷினி திரும்பி வந்து உட்கார்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் வெளியே போய் கார் நிறுத்துமிடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அவள் இதுவரை அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பத்மா அக்கா இன்றைக்கும் சென்டரில் எல்லாரிடமும் என்னைக் காட்டிப் பேசுகிறார். "இந்தத் தம்பிக்கு அந்தக் காலத்துல பெரிய அநியாயம் செஞ்சாங்க. அப்படியும் பாருங்க, எவ்வளவு நல்ல மனசு. சொந்தப் பிள்ளைகூட இப்படிக் கூட்டிட்டு வராது." தாதிகள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இந்தத் தொடரின் முதல் வாசகர் அவர்தான். சனிக்கிழமை காலையில் இதழ் கடைக்கு வந்ததும் ஒன்று வாங்கி அவர் கையில் கொடுத்துவிடுவேன். ஒரு கையில் ஊசி, மறு கையில் இதழ். ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்துப் படிப்பார். பக்கத்தைப் புரட்ட வேண்டுமென்றால் இதழை வயிற்றின் மேல் வைத்து விரலால் தள்ளுவார். என் பக்கத்தை முதலில் படித்துவிட்டுத்தான் மற்றதற்குப் போவார். எனக்கு இடம் கிடைக்காத கதையைப் படித்த அன்று என்னை உள்ளே கூப்பிட்டனுப்பி, என் கன்னத்தைத் தொட்டார்.

இந்த வாரமும் சனிக்கிழமை வரும். இதழை வாங்குவேன். அதில் இந்த அத்தியாயம் இருக்கும். கடையில் இதழ் தீர்ந்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லலாம். அவர் நம்புவார். நான் எதைச் சொன்னாலும் நம்புகிறவர்.

சொல்லப் போவதில்லை. ஊசி ஏறியதும் இதழை அவர் கையில் வைத்துவிட்டு வெளியே வந்து அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவேன். லோஷினி உட்கார்ந்து படித்த நாற்காலி. நாலு மணி நேரம் அவரால் எழுந்து போக முடியாது. நானும் போகப் போவதில்லை. அது முடிந்ததும், கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் தள்ளாடி நடந்து வரும்போது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக அங்கே என்னைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.